காரிக்கு எத்தனை ஸ்டார்?

எங்கள் ஊர்ப் பெயரைச் சென்னையில் சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வரும், கை தானாகப் போய்ப் பர்ஸைத் தொட்டுப் பார்க்கும். கள்ளக்குறிச்சி! சரி, ஊரை விடுங்கள் என்று மேற்கே கை காட்டினால் அங்கே நிற்பது கல்வராயன் மலை. 'ல'வைக் கொஞ்சம் அழுத்திவிட்டால் போச்சு, கள்வர்களுக்கே அரையன். வெள்ளைக்காரன் மட்டும் மரியாதையாகக் 'கல்ராயன்' என்று எழுதிவைத்தான். அவன் வாயில் 'ள' நுழையாததை நாங்கள் மரியாதை என்று எடுத்துக்கொண்டோம்.

இப்படிப்பட்ட ஊருக்கு 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்ற வீடியோ கேம் வந்து இறங்கியபோது யாரும் அதிரவில்லை. சொந்தக்காரர் வந்த மாதிரிதான் இருந்தது.

2005 வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். 6 கம்ப்யூட்டர், 1 ஃபேன், மணிக்கு 20 ரூபாய். போர்டில் 'ரயில்வே டிக்கெட், தேர்வு முடிவுகள், ஜெராக்ஸ்' என்று எழுதியிருக்கும். உள்ளே 6 கம்ப்யூட்டரிலும் அந்த கேம் வரிசையின் வைஸ் சிட்டி ஓடும். மகனின் தேர்வு முடிவைப் பார்க்க மாடியேறி வந்த அப்பாக்கள், அந்த முடிவுக்கான காரணத்தையும் சேர்த்தே பார்த்துவிட்டு இறங்குவார்கள்.

வைஸ் சிட்டியின் கதை 1986-ல் நடக்கிறது. டாமி வெர்செட்டி என்பவன் 15 வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வருகிறான். முதலாளியின் பணத்தோடு டீலுக்குப் போன இடத்தில் பணமும் போகிறது, சரக்கும் போகிறது. அதை மீட்க வேண்டும். டாமிக்குக் குரல் கொடுத்தவர் ரே லியோட்டா, ஹாலிவுட்டில் பெரிய ஆள். எங்கள் சென்டரில் அவர் குரலை ஒருவரும் கேட்டதில்லை. ஸ்பீக்கர் கிடையாது.

பணம் தொலைந்ததே தெரியாதபோது அதை மீட்கும் கவலை எப்படி வரும்? பையன்களிடம் கதைக்குப் பதிலாக ஒரு 40 பக்க நோட்டு இருந்தது. அது முழுக்க சீட் கோடு. 'பான்ஸர்' என்று தட்டினால் வானத்திலிருந்து ராணுவ டாங்கி விழும். 'லீவ் மீ அலோன்' என்றால் போலீஸ் கலைந்துபோகும். 'ஆஸ்பிரின்' என்றால் உடம்பு தேறிவிடும். அந்த ஆஸ்பிரினுக்குக் கேம்காரர்கள் கடைசியில் ஓர் எழுத்தைத் தேவையில்லாமல் சேர்த்திருந்தார்கள். இங்கிலீஷ் பரீட்சையில் 12 மார்க் வாங்குகிற பையன் அந்தத் தப்பைக்கூடத் தப்பில்லாமல் எழுதிவைத்திருந்தான்.

மிஷன் என்று எதையாவது தொட்டவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கவிழ்ந்தார்கள். ஊரையே பிடிக்கப் போகிற தாதாவை ஒரு வேனுக்குள் உட்கார வைத்து, பொம்மை ஹெலிகாப்டர் ஓட்டச் சொல்வார்கள். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குள் அதைப் பறக்கவிட்டு, ஒவ்வொன்றாக 4 குண்டு வைக்க வேண்டும். கீபோர்டில் அதை ஓட்டுவதற்கு ஓடுகிற பஸ்ஸில் ஊசியில் நூல் கோத்துவிடலாம். பையன்கள் சென்டர் அண்ணனைக் கூப்பிட்டு முடித்துத் தரச் சொல்வார்கள். அவர் அதற்குத் தனியாக 5 ரூபாய் வாங்குவார். எங்கள் ஊருக்கு ஐ.டி. துறை வந்தது அப்படித்தான்.

இந்த வகை விளையாட்டுக்கு 'ஓப்பன் வேர்ல்டு' என்று பெயர். ஊர் முழுக்கத் திறந்து கிடக்கும், எங்கே வேண்டுமானாலும் போ, எதை வேண்டுமானாலும் தூக்கு. ஆனால் கதை நகர வேண்டுமென்றால் மிஷன் செய். சுதந்திரம் உண்டு, ஆனால் லிஸ்ட் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே வண்டியில் பூட்டியது யார்?

ஸ்காட்லாந்து என்பார்கள். அங்கே டண்டீ என்ற ஊரில் டிஎம்ஏ டிசைன் என்ற கம்பெனி. 1995-ல் 'ரேஸ் அண்ட் சேஸ்' என்று ஒரு கேம் எழுத ஆரம்பித்தார்கள். திருடனாகவும் ஆடலாம், போலீஸாகவும் ஆடலாம். சப்பென்று இருந்தது. யாருக்கும் போலீஸாக இருக்கப் பிடிக்கவில்லை, போலீஸ் என்றால் ஒழுங்காக ஓட்ட வேண்டுமே. மூடிவிடலாமா என்று யோசிக்கிற நேரத்தில் புரோகிராமில் ஒரு கோளாறு. போலீஸ் கார்கள் வெறிபிடித்த மாதிரி வந்து இடிக்க ஆரம்பித்தன. சோதித்துப் பார்த்தவர்கள் சிரித்துச் சிரித்து விளையாடினார்கள். உலகத்தையே ஆட்டிவைத்த ஒரு கேம், போலீஸுக்குப் பைத்தியம் பிடித்ததால் பிறந்தது.

1997-ல் அது 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' ஆகிவிட்டது, சுருக்கமாக ஜிடிஏ. அதில் தெருவோரம் டெலிபோன் மணி அடிக்கும். எடுத்தால் மிஷன். பிடிக்காவிட்டால் எடுக்க வேண்டாம். தோற்றால் அடுத்த போனுக்குப் போகலாம், எப்படியோ பாயிண்ட் சேர்ந்தால் சரி. பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் பெரியவர்கள் எழுந்து கண்டித்தார்கள். அவர்களைக் கோபப்படுத்துவதற்கென்றே மாக்ஸ் கிளிஃபோர்ட் என்ற விளம்பர மன்னனுக்குக் கேமை வெளியிட்ட கம்பெனி சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது பிரபுக்களுக்குத் தெரியாது.

போகட்டும், நல்ல பையன்கள். ஆனால் இதெல்லாம் எங்கள் மாவட்டத்தில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே நடந்துவிட்டது என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வடகிழக்கே போனால் தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர். சங்க காலத்தில் கோவலூர். அங்கே இருந்தவன் மலையமான் திருமுடிக்காரி. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், கடையெழு வள்ளல்களில் ஒருவன். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான், காரி கேட்டவர்களுக்கெல்லாம் குதிரை கொடுத்தான். நமக்கு வாத்தியார் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். கொடுப்பதற்கு அவனுக்கு எங்கிருந்து வந்தது?

கபிலர் உளறிவிட்டார். நற்றிணையில் ஒரு காதல் பாட்டு. பெண்ணொருத்தியின் அழகு பிரிவால் அழிந்துபோனது. எப்படி அழிந்தது? முள்ளூர் மன்னன் ராத்திரியில் குதிரையேறி வந்து மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போன பிறகு, மாட்டுக்குச் சொந்தக்காரர்கள் நின்றார்களே, அந்த மாதிரி. முள்ளூர் மன்னன் வேறு யாருமில்லை, நம் காரிதான். ஒரு பெண்ணின் கண்ணீருக்கு உவமை தேடப் போன கவிஞர், போகிற போக்கில் நண்பன் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்.

காரியின் குதிரைக்குப் பெயர் என்ன தெரியுமா? காரி. அவனோடு மோதிய கொல்லிமலை ஓரியின் குதிரைக்கு? ஓரி. சிறுபாணாற்றுப்படை இதைக் கூச்சமே இல்லாமல் சொல்கிறது. 2018-ல் வந்த, ஜிடிஏ கம்பெனியான ராக்ஸ்டாரின் கௌபாய் கேமில் உங்கள் குதிரைக்கு நீங்களே பெயர் வைக்கலாம். ஆளாளுக்கு மூளையைக் கசக்கி 'மின்னல்', 'கருப்பன்' என்று வைக்கிறார்கள். வண்டிக்கு ஓட்டுகிறவன் பெயரையே வைக்கும் தன்னம்பிக்கை நம் ஆட்களுக்குத்தான் இருந்தது. இன்றும் பேருந்தின் நெற்றியில் முதலாளி பெயர்தானே இருக்கிறது?

ஆனால் கபிலரின் திறமையை ஒப்புக்கொள்ள வேண்டும். காலையிலேயே கள்ளைக் குடித்துவிட்டு மயக்கத்தில் தேரை அள்ளிக் கொடுப்பது யாருக்கும் சுலபம், எங்கள் மலையன் தெளிவாக இருக்கும்போதே கொடுப்பவன் என்கிற பொருளில் புறநானூற்றில் பாடுகிறார். நிதானத்தில் வண்டியை இனாமாகத் தருகிறவன்! மாக்ஸ் கிளிஃபோர்டின் வேலை ஒரு சீசன் நின்றது, கபிலரின் வேலை இன்னும் பாடப் புத்தகத்தில் நிற்கிறது. இன்னொரு பாட்டில், வருகிற புலவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்காதே, தரம் பார்த்துக் கொடு என்று காரிக்கு அட்வைஸ் செய்கிறார். தரம் பார்த்தால் யாருக்கு அதிகம் வரும் என்பதைக் கபிலர் நாகரிகமாகச் சொல்லவில்லை.

இனி மிஷனுக்கு வருவோம். வைஸ் சிட்டியில் டாமிக்கு வேலை கொடுக்கப் பல முதலாளிகள். ஒருவன் கர்னல், ஒருவன் போதை வியாபாரி, ஒருவன் ரியல் எஸ்டேட். மேப்பில் ஆளுக்கொரு குறி இருக்கும், யாரிடம் போவது என்பது டாமியின் இஷ்டம். காரிக்கும் அதேதான். சேர, சோழ, பாண்டியர் என்று மூன்று பேரும் 'எங்கள் பக்கம் வா' என்று ஆள் அனுப்பிச் சீர் செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் கபிலர் வாக்கு. மூன்று போனும் அடிக்கிறது. காரி சேரன் போனை எடுத்தான், ஓரியைக் கொன்றான், கொல்லிமலையைச் சேரன் கையில் கொடுத்தான். மிஷன் பாஸ்டு.

ஓரியும் கடையெழு வள்ளல்தான். ஒரு வள்ளல் இன்னொரு வள்ளலைக் கொன்று, செத்தவன் மலையை மூன்றாவது ஆளுக்குத் தானம் செய்ததை வரலாறு கொடைக் கணக்கில் எழுதிக்கொண்டது. தகடூர் அதியமான் வேறு வந்து கோவலூரை நொறுக்கினான். அவனும் யாரென்கிறீர்கள்? ஏழில் ஒரு வள்ளல். அந்தக் காலத்தில் வள்ளல்களுக்கு நடுவே வாழ்வதைவிடக் கஞ்சர்களுக்கு நடுவே வாழ்வது பாதுகாப்பாக இருந்திருக்கும்.

திருடிய மாட்டில் தானம் செய்வது முரண்பாடு இல்லையா என்று கேட்காதீர்கள். வைஸ் சிட்டியில் ஓர் ஆம்புலன்ஸைத் திருடி, அதற்குள் உட்கார்ந்து ஒரு பட்டனை அழுத்தினால் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்கும் மிஷன் ஆரம்பிக்கும். 12 ரவுண்டு முடித்தால் டாமிக்கு ஓடினாலும் மூச்சு வாங்காது. ஒரு நோயாளியைக் காப்பாற்றப் போகிற அவசரத்தில் வழியில் நாலு பேரை நோயாளியாக்குவோம். எங்கள் சென்டரில் அதைச் செய்த ஒவ்வொருவனும் வள்ளல்தான்.

இப்போது தொல்காப்பியர். நமக்குத் தெரிந்தவரை தமிழின் முதல் கேம் டிசைனர் இவர்தான். மாடு திருடுவதற்கு வெட்சி என்று பூப்பெயர் வைத்து, அதை 14 துறையாகப் பிரித்திருக்கிறார். டிசைன் டாக்குமெண்ட் என்றால் அதுதான் டாக்குமெண்ட்.

முதலில் படை கிளம்புகிற ஆரவாரம். அடுத்து விரிச்சி: ஊரோரம் போய் நின்றுகொண்டு, யாரோ யாரிடமோ தற்செயலாகச் சொல்கிற சொல் காதில் விழுந்தால் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வது. (பக்கத்து கம்ப்யூட்டர் பையன் முணுமுணுக்கிற 'பான்ஸர்' காதில் விழுகிறதே, அது.) பிறகு எதிரியின் ஒற்றனுக்குத் தெரியாமல் பதுங்கிப் போவது. கவனித்தீர்களா? முதல் ஸ்டெப்பில் ஊரே அதிரச் சத்தம், மூன்றாவது ஸ்டெப்பில் பூனை நடை. இன்று வரை எல்லா ஸ்டெல்த் மிஷனும் இப்படித்தான் இருக்கிறது.

அப்புறம் வேவு, சுற்றி வளைத்தல், ஊரை அடித்தல், மாட்டைக் கவர்தல், துரத்தி வருகிறவர்களை மறித்தல். அதற்கடுத்த துறைதான் எனக்குப் பிடித்தது. நோயின்றுய்த்தல். ஓட்டி வருகிற மாட்டுக்கு ஒரு நோவும் வராமல் கொண்டுவர வேண்டும்! கேம் ஆடுகிறவர்கள் உலகம் முழுக்க ஒரே குரலில் திட்டுவது இந்த வகை மிஷனைத்தான். சரக்கில் கீறல் விழாமல் கொண்டுவந்து சேர், விழுந்தால் முதலிலிருந்து ஆரம்பி. அந்தச் சித்திரவதைக்கு டண்டீக்காரர்களைத் திட்டாதீர்கள், பழி நம்முடையது.

ஒரு சின்னக் கஷ்டம். வைஸ் சிட்டியில் போலீஸ் துரத்தினால் ஒரு ஷெட்டுக்குள் காரை விட்டு, வேறு கலர் பெயிண்ட் அடித்துக்கொண்டு வெளியே வரலாம். போலீஸ் எவ்வளவு மும்முரமாகத் துரத்துகிறது என்று காட்டும் ஸ்டார் எல்லாம் அழிந்துவிடும். 200 மாட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதை நினைத்துப் பாருங்கள். காரி ராத்திரியில் போனதன் ரகசியம் இதுதான்.

மாடு வந்து சேர்ந்ததும் பாதீடு, அதாவது பங்கு பிரிப்பது. அப்புறம் உண்டாட்டு, அதாவது குடி. கடைசித் துறையாகக் கொடை. வள்ளல் என்பது 14-ஆவது ஸ்டெப் என்று தொல்காப்பியர் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறார், நாம்தான் முதல் 13-ஐத் தாண்டிக் குதித்துப் படித்தோம்.

பங்கு விஷயத்தில் 2013-ல் வந்த ஜிடிஏ ஐந்தைப் பாராட்டினார்கள். வங்கிக் கொள்ளைக்கு முன்னால் ஆள் பொறுக்க வேண்டும்: துப்பாக்கிக்கு ஒருவன், வண்டிக்கு ஒருவன், கம்ப்யூட்டருக்கு ஒருவன், ஆளுக்கு இத்தனை சதவீதம். மலிவான ஆளை எடுத்தால் சொதப்புவான். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியைப் பார்த்தால், அங்கே மாடு போய்ச் சேரும் முற்றங்களில் வேல் வடித்த கொல்லன் வீடு உண்டு, பறை அடித்தவன் வீடு உண்டு, சகுனம் சொன்னவன் வீடுகூட உண்டு. கள் விற்கிறவள் வீடும் உண்டு. அவள் 'பழைய பாக்கி' என்று கடன் கொடுக்க மறுத்ததுதான் வில்லைத் தூக்கிக்கொண்டு கிளம்பவே காரணம். ஹாலிவுட்டில் இதற்கு 'கதாநாயகனின் நோக்கம்' என்று வகுப்பெடுக்கிறார்கள்.

இதெல்லாம் திருட்டு இல்லையோ என்ற உறுத்தல் பழைய உரையாசிரியர்களுக்கும் வந்திருக்கிறது. நச்சினார்க்கினியர் அழகாக ஒரு வழி சொல்கிறார். போர் வரப் போகிறது, அந்தணர் முதலானோரை 'ஒதுங்கிப் போங்கள்' என்று சொல்லிவிடலாம். பசுவுக்குச் சொன்னால் புரியாது. ஆகவே அதை நாமே களவாகக் கொண்டுவந்து காப்பாற்றுகிறோம். மாட்டைத் திருடுவது மாட்டின் நன்மைக்கு! ஆறு ஸ்டார் வாங்கி ராணுவமே துரத்தும்போது டாமியிடம் இப்படி ஒரு வக்கீல் இருந்திருக்கலாம்.

ஆனால் உண்மையான சண்டை வேறு இடத்தில் நடந்தது. தொல்காப்பியர் கணக்கில் மாடு பிடிக்கப் போகிறவன் வேந்தன் அனுப்பிப் போக வேண்டும். மிஷன் கொடுத்தால் மட்டும் போ. பிற்பாடு வந்த ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை அதை இரண்டாக உடைத்தது. ஒன்று மன்னுறு தொழில், ராஜா சொல்லித் திருடுவது. இன்னொன்று தன்னுறு தொழில், தனக்கே தோன்றித் திருடுவது. ஐயா, இதைவிடக் கச்சிதமாக 'மிஷன்' என்பதையும் 'ஃப்ரீ ரோம்' என்பதையும் இன்றுவரை யாராவது மொழிபெயர்த்திருக்கிறார்களா?

இந்தப் பிரிவினை இன்று கிடைக்காத பன்னிரு படலத்திலேயே இருந்தது. அதில் வெட்சிப் பகுதியை எழுதியவர் தொல்காப்பியர்தான் என்று ஒரு கதை. இளம்பூரணருக்குக் கோபம் வந்துவிட்டது. உரையாசிரியர்களில் மென்மையானவர், அவருக்கே வந்தது. வேந்தன் அனுப்பினால்தான் வெட்சி என்று ஓரிடத்தில் சொன்னவர், தானாகப் போனாலும் வெட்சி என்று இன்னோரிடத்தில் எப்படிச் சொல்வார்? ஆகவே அந்தப் படலம் அவர் எழுதியதில்லை. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நடந்த இந்தச் சண்டையின் சாரம் இவ்வளவுதான்: ஒரிஜினல் கம்பெனி இப்படி ஒரு கேமை ரிலீஸ் பண்ணியிருக்கவே முடியாது, யாரோ லோக்கலில் மாற்றிய சிடி.

இலக்கணக்காரர்கள் இப்படி அடித்துக்கொள்ளும்போது மாடு பிடிக்கிறவன் என்ன செய்திருப்பான்? கள் கடையில் பாக்கி எவ்வளவு என்று கணக்குப் பார்த்திருப்பான். லிஸ்ட் எழுதுகிறவனுக்கு, தன் லிஸ்டைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் கிளம்புகிறார்கள் என்று ஒரு நினைப்பு. டண்டீயிலும் இருந்தது. நாள் ஆக ஆக அது முற்றியது.

எப்படி முற்றியது என்கிறீர்களா? வைஸ் சிட்டியில் பாதி ஊருக்குப் போக முடியாது, பாலத்தை மறித்திருப்பார்கள். கேட்டால் புயல் எச்சரிக்கை. சில மிஷன்களை முடித்ததும் புயல் தானாகச் சரியாகிவிடும். எங்களுக்கு இது அதிசயமாகப் படவில்லை. கல்வராயன் மலையே 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில், தனி மேப்பாகத்தான் இருந்தது. பிறகுதான் அரசாங்கம் மலையேறி 'திறந்தாச்சு' என்றது. அங்கே புயல் போனதும் பாலம் திறந்தது, இங்கே எமர்ஜென்சி வந்ததும் மலை திறந்தது.

(அந்த மலை என்றதும் சாராய ஊறலும் ரெய்டும் ஞாபகத்துக்கு வருகிறவர்கள் இருப்பீர்கள். அதை வைத்து நாங்களும் ஒரு காலத்தில் ஜோக் அடித்திருக்கிறோம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்ததற்குப் பிறகு அடிப்பதில்லை. மாட்டுக்கே போவோம்.)

2004-ல் வந்த சான் ஆண்ட்ரியாஸில் ஒரு ரயிலைப் பைக்கில் துரத்த வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கிற குண்டு மனிதர் ரயில் கூரையில் நிற்கிற எதிரிகளை விட்டுவிட்டு ஆகாயத்தைச் சுடுவார். தோற்றதும் நம்மைத் திட்டுவார், ஒரு ரயிலைத் தொடரத் தெரியவில்லையா என்று. கோடிக்கணக்கான பேரை ஒரே ஆள் திட்டியது மனித வரலாற்றில் அதுவே முதல் முறை. ஜிடிஏ ஐந்தில் ரிட்டயர்டு கொள்ளைக்காரனை யோகா செய்ய வைத்தார்கள். பட்டனை மாற்றி அழுத்தினால் ஆசனம் தப்பு, மறுபடியும் செய். 2018-ல் அந்தக் கௌபாய் கேம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை காடு, மலை, ஆறு. ஆனால் மிஷன் நடக்கும்போது குதிரையைச் சும்மா கொஞ்சம் ஓரமாக விட்டுப் பாருங்கள், 'கூட வந்தவர்களை விட்டுவிட்டாய்' என்று தோற்றதாக அறிவித்துவிடும். காரி இதை ஆடியிருந்தால் கீபோர்டை உடைத்திருப்பான். அந்தப் பெயர் கொண்ட குதிரையும் உடைத்திருக்கும்.

லிஸ்டில் இல்லாத ஒரு துறை பற்றிச் சொல்லவில்லையே. மலைக்கு வடக்கே செங்கம் பக்கம் போனால் வயலிலும் வரப்பிலும் நடுகற்கள். 1972-ல் தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்று புத்தகமே போட்டது. பல்லவர் காலத்துக் கல்லில் எழுதியிருப்பது ஏறக்குறைய ஒரே ஃபார்மட். இன்ன ராஜாவுக்கு இத்தனையாவது வருஷம், இன்னாருடைய ஆள், இந்த ஊர்த் தொறுவுக்காகச் சண்டை போட்டான், பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் வைஸ் சிட்டியில் திரை மங்கி, ஆங்கிலத்தில் 'வேஸ்டட்' என்று பெரிதாக வருமே, அது. தேதி, இடம், மிஷன், ரிசல்ட். கல்லில் எழுதிய சேவ் ஃபைல்.

டாமி செத்தால் ஆயுதங்களைப் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் எழுந்து நிற்பான். இவர்கள் எழவில்லை. ஊர்க்காரர்கள் மயிற்பீலி சூட்டி, கள் படைத்துக் கும்பிட்டார்கள். யோசித்தால் ஒன்று தெரியும். 14 துறையையும் ஒழுங்காக முடித்து, மாட்டைக் கீறல் இல்லாமல் கொண்டுவந்து, பங்கு பிரித்து, குடித்து, கொடுத்து, தூங்கப் போனவனுக்கு ஒரு கல்லும் இல்லை. கல் இருப்பதெல்லாம் நடுவில் எங்கோ சொதப்பியவனுக்கும், மீட்கப் போய் மாட்டிக்கொண்டவனுக்கும்தான்.

அந்தப் பக்கத்து எடுத்தனூர்க் கல்லில் பல்லவ ராஜா மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளுக்காகச் சண்டையிட்டு இறந்திருக்கிறான். அவன் பக்கத்தில் ஒரு நாய். அதற்குத் தனியாக எழுத்து: கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்திருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டு நாய், பெயரோடு, படத்தோடு, செய்த வேலையின் விவரத்தோடு. சொந்தப் பெயரையே குதிரைக்கு வைத்துக் காசு மிச்சம் பிடித்த காரியைவிட இந்த ஊர்க்காரர்கள் தேவலை.

அதே மகேந்திரவர்மன் 'மத்தவிலாசம்' என்று ஒரு கேலி நாடகம் எழுதினான். அதில் குடிகாரக் காபாலிகன் ஒருவன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைக் காணோம் என்று காஞ்சிபுரத்தையே இரண்டாக்குவான், புத்த பிட்சு மேல் பழி போடுவான். கடைசியில் பார்த்தால் தூக்கிப் போனது ஒரு நாய். ராஜா தலைநகரில் உட்கார்ந்து நாயைத் திருடனாக்கி நாடகம் எழுதுகிறான், அவன் ராஜ்யத்தின் எல்லையில் ஒரு நாய் திருடனைக் கடித்துக் கல்வெட்டில் ஏறுகிறது. கோவிவனை யாரும் அனுப்பவில்லை, விரிச்சி பார்க்கவில்லை, பங்கும் கேட்டிருக்காது. சுத்தமான தன்னுறு தொழில். இளம்பூரணர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் சென்டரில் மூலைக் கம்ப்யூட்டரில் ஒரு பையன் உட்காருவான், ஏழாவதோ எட்டாவதோ படித்தான். அவன் கையில் நோட்டு கிடையாது. மிஷனும் செய்ய மாட்டான், யாரையும் சுடவும் மாட்டான். ஒரு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடற்கரை ரோட்டில் மெதுவாகப் போவான். சிவப்பு விளக்கு வந்தால் நிற்பான். பச்சை வந்ததும் கிளம்புவான். வைஸ் சிட்டி போலீஸுக்குச் சிவப்பும் ஒன்றுதான் பச்சையும் ஒன்றுதான், மதிக்காவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் தாங்க முடியாமல் 'டேய் போடா, யாரும் புடிக்க மாட்டாங்கடா' என்று கத்துவார்கள். அவன் திரும்பக்கூட மாட்டான்.

"டைம் ஆச்சுடா."

"அண்ணா, இந்த ஒரு சிக்னல் மட்டும்ணா."

அந்தச் சிக்னலில் நின்று, பச்சை விழுந்து, ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் எழுந்திருப்பான். 20 ரூபாயைக் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு, நான்குமுனைச் சந்திப்பில் டிராபிக் போலீஸ்காரர் நீட்டிய கைக்கு அடியில் குனிந்து ராங் சைடில் பறந்துவிடுவான்.